உடை நமது, பெயர் எவருடையது?



ஓர் இனத்தின் மொழி எங்கே தேய்கின்றது என்று அறிய விழைவார், அரசு அலுவலகத்தையும் வழக்குமன்றத்தையும் மட்டும் நோக்குதல் போதாது. அடுக்களையையும் ஆடைப் பெட்டியையும் திறந்து பார்த்தல் வேண்டும். மேடையில் மொழி காக்க முழங்குவோனும், வீட்டிற்குச் சென்று உடை மாற்றும்போது எம்மொழியிற் பேசுகின்றான் என்பதே உண்மையான உரைகல்.

இற்றைத் தமிழன் விடியலில் எழுந்து, குளித்து, 'டவலால்' துடைத்து, 'பனியனை' மாட்டி, 'சர்ட்டும்' 'பேண்ட்டும்' போட்டு, 'பெல்ட்டை' இறுக்கி, 'சாக்சை' இழுத்துவிட்டு, 'கர்ச்சீப்பை' மடித்து வைத்துக்கொண்டு வெளியே செல்கின்றான். அவன் மனைவி 'சாரியும்' 'பிளவுசும்' உடுத்து அலுவல் முடித்து வந்து, இரவில் 'நைட்டி' அணிகின்றாள். இவ்வுரையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இதில் தமிழாக எஞ்சி நிற்பவை வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளுமே. பெயர்ச்சொல் அனைத்தும் பறிபோயின. பெயர் போன மொழிக்கு உருபு மட்டும் எத்துணை நாள் நிலைக்கும்?

"ஆங்கிலத்தில் உடைக்குப் பெயர்கள் மிகுதி; தமிழில் வேட்டியும் புடைவையும் அன்றி வேறென்ன உண்டு?" என்று கற்றாருள்ளும் சிலர் வினவுகின்றனர். இவ்வினா இரு வகையான அறியாமையினின்று பிறப்பது. ஒன்று, ஆங்கிலத்தின் ஆடைப்பெயர்கள் எவ்வாறு வந்தன என்று அறியாமை. மற்றொன்று, தமிழில் என்னென்ன இருந்தன, இருக்கின்றன என்று அறியாமை. இரண்டையும் ஒவ்வொன்றாக ஆய்வோம்.

ஆங்கிலன் இரவில் அணியும் 'பைசாமா' பாரசீகச் சொல். 'பாய்' கால், 'சாமா' உடை. ஆகவே காலுடை என்பதே அதன் பொருள். 'சால்' என்னும் போர்வைப் பெயரும் பாரசீகமே. படைஞர் உடுக்கும் 'காக்கி', புழுதி என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லினின்று உருது வழியாகச் சென்றது. தலையிலும் கழுத்திலும் கட்டும் 'பந்தானா', முடிச்சிட்டுச் சாயமேற்றும் வடநாட்டுத் தொழிலின் பெயர். 'டங்கரி' என்னும் முரட்டுத்துணியும் இந்திப் பெயரே. குதிரையூர்வோர் காற்சட்டைக்குச் சோத்பூர் என்னும் ஊரே பெயராயிற்று. காசுமீரம் ஆட்டுமயிர்த் துணிக்குப் பெயர் தந்தது.

ஏனையவற்றையும் காண்க. 'டெனிம்' பிரெஞ்சு நாட்டு நீம் நகரின் பெயர். 'சீன்சு' இத்தாலியின் செனோவாத் துறைமுகத்தின் பெயர். 'மசிலின்' ஈராக்கின் மோசூல் நகர்ப் பெயர். 'தமாசுகு' சிரியத் தலைநகரின் பெயர். 'செர்சி' ஒரு தீவின் பெயர். 'கார்டிகன்' கிரிமியப் போரிற் படை நடத்திய ஒரு பெருமகனின் பட்டப்பெயர். 'கோட்டும்' 'பிளவுசும்' பிரெஞ்சு வழி வந்தவை. 'டிரவுசர்' கேலிக்கு மொழியினின்று பெற்றது. பருத்தியைக் குறிக்கும் 'காட்டன்' என்னும் சொல்லே அரபியினின்று சென்றது. ஆங்கிலனுக்கு முழுவுரிமையுடைய பழஞ்சொல் 'சர்ட்டு' போன்ற சிலவே.

இனி, நாம் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்று உண்டு. 'கேலிக்கோ' என்று ஆங்கிலன் வழங்கும் பருத்தித் துணியின் பெயர் பழஞ்சேரநாட்டுக் கோழிக்கோட்டின் பெயர். கட்டம்போட்ட மெல்லிய பருத்தித் துணிக்கு இன்றும் ஆங்கில அகரமுதலிகள் தரும் பெயர் 'மெட்ராசு'. அது நம் சென்னையே. கி.பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுந்த செங்கடற் செலவு நூல், 'அர்கரு' என்னும் ஊரின் பெயரால் ஒரு நுண்டுகிலைக் குறிக்கின்றது. அவ்வூர் சோழர் உறையூரே என்பது அறிஞர் கொள்கை. பனியன் என்னும் பெயரோ வேடிக்கையானது. குசராத்து வணிகரைக் குறித்த வாணியர் என்னும் பெயரை அயலார் 'பனியன்' எனத் திரித்தனர்; பின்னர் வெப்பநாட்டில் தாம் உடுத்த தளர்ந்த உடைக்கு அதனைப் பெயராக்கினர்; அதுவே சுற்றி நம்மிடம் உட்சட்டைப் பெயராகத் திரும்பி வந்தது.

இவற்றினின்று பெறப்படும் உண்மை யாது? துணி எவ்வழிச் சென்றதோ, பெயரும் அவ்வழிச் சென்றது. நெய்தவன் பெயர் வைத்தான். வாங்கியவன் அப்பெயரைக் கற்றான். நம் நாட்டுத் துணிகள் ஆங்கில நாட்டு ஆடைத் தொழிலையே அசைத்தமையால், அந்நாட்டு மன்றம் 1700-ஆம் ஆண்டில் அச்சிட்ட பருத்தித் துணிகளின் இறக்குமதியைத் தடுத்தும், 1721-ஆம் ஆண்டில் அவற்றை உடுத்தலையே தடுத்தும் சட்டம் செய்தது. சட்டத்தால் துணியைத் தடுத்தான். பெயரைத் தடுக்க அவனாலும் இயலவில்லை. பின்னர் ஆலைத்துணி அங்கிருந்து இங்கு வந்தபோது, ஆறு திரும்பி ஓடியது. விற்பவன் அவன், வாங்குபவன் நாம் என்றாயிற்று. அன்று தொடங்கியது இந்தப் பெயர்ப்படையெடுப்பு.

தமிழின் நிலையைக் காண்போம். தறியினின்று அறுத்தெடுக்கப்படுவது ஆகலின் அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு, கூறுபடுத்தப்படுவது கூறை, வெட்டப்படுவது வேட்டி. வேட்டி என்பது வெட்டு என்னும் வினையடிப் பிறந்தது என்று மொழிஞாயிறு பாவாணர் காட்டினார். அதனிடையே வடவெழுத்தொன்றைச் செருகி எழுதுவார், தம் இடுப்பிற் கட்டிய துணியின் பிறப்பையே அறியாதார். 'சர்ட்டு', 'சுகர்ட்டு' என்னும் ஆங்கிலச் சொற்களும் வெட்டுதற் பொருள்கொண்ட பழைய வேரினின்றே பிறந்தன என்பர் சொல்லாய்வாளர். அவர் முன்னோரும் நம் முன்னோரும் ஒரே கண்கொண்டு துணியை நோக்கியுள்ளனர். அவ்வாறிருக்க, நம் கண்ணை நாமே ஏன் பொத்திக்கொள்ளல் வேண்டும்?

பரந்து தொங்குவது பாவாடை. முன்னே தொங்கும் தானை முந்தானை. தானை என்பது ஆடை. கொய்து மடிப்பது கொய்சகம். அதுவே பேச்சு வழக்கிற் கொசுவம். கட்டுவது கச்சு, கச்சை. நெய்வோர் நாவிலோ பாவு, ஊடை, அச்சு, விழுது, கரை, தலைப்பு என ஒரு தனிச் சொற்களஞ்சியமே இன்றும் உயிரோடுள்ளது. இவற்றை எந்தப் பேராசிரியரும் ஆக்கித் தரவில்லை. தறிக்குழியில் அமர்ந்தவன் ஆக்கினான்.

"இவை பழைய உடைகளின் பெயர்கள், புதிய உடை வந்தால் புதிய பெயரும் உடன்வரத்தானே செய்யும்?" என்பார்க்கு முல்லைப்பாட்டே விடை கூறும். பாசறையிற் காவல் நின்ற யவனரைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் கண்டார். அவர்கள் உடம்பை மூடியிருந்த உடை நம் நாட்டு உடைமுறைக்கு வேறானது. அதற்கு யவனர் வழங்கிய பெயரை அவர் உசாவிக்கொண்டு நிற்கவில்லை. மெய்யைப் புகவிடும் பை ஆகலின், 'மெய்ப்பை' என்று ஒரே சொல்லாற் சுட்டிவிட்டார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்த் தமிழ்ப்பாவலர் ஒருவர்க்கு எளிதாயிருந்த இச்செயல், பல்கலைக்கழகங்களும் அகரமுதலித் துறைகளும் உடைய நமக்கு அரிதாயிற்று என்றால், குறை மொழியிலா, நம் உள்ளத்திலா?

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியைக் காட்டுகின்றது. அவ்விடத்து உரை வகுத்த அடியார்க்குநல்லார் 36 வகைத் துணிகளின் பெயர்களை அடுக்கிச் செல்கின்றார். பச்சிலை, அரத்தம், நுண்டுகில், கோங்கலர், குருதி, கரியல், நூல்யாப்பு, பொன்னெழுத்து, இறஞ்சி, வெண்பொத்தி, செம்பொத்தி, பணிப்பொத்தி என்பன அவற்றுட் சில. அப்பட்டியலில் வடசொற்களும் அயல்நாட்டுப் பெயர்களும் கலந்துள்ளன என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், ஒரு வீதியின் துணிகளுக்கு 36 பெயர் சொல்ல வல்லதாயிருந்த நாவே நம் நாவு. அத்துணிகளுட் பல எவ்வாறிருந்தன என்று இன்று நாம் அறியோம். ஆடை மறைந்தது; பெயர் எஞ்சியது. இன்றோ நிலை தலைகீழாயிற்று. ஆடை நம் உடம்பின்மேல் இருக்கின்றது, பெயர் மறைந்துகொண்டிருக்கின்றது.

ஈண்டு ஓர் எதிர்வுரையும் எழும். "ஆங்கிலம் எல்லா மொழிகளினின்றும் கடன்கொண்டே வளர்ந்தது என்று நீவிரே காட்டினீர். தமிழும் அவ்வாறே கடன்கொண்டு வளர்ந்தால் என்ன?" என்பர். நன்று வினவினர். ஆங்கிலன் தன்னிடம் இல்லாத துணிக்கு, அத்துணியோடு வந்த பெயரைக் கொண்டான். நாமோ நம்மிடம் உள்ள பொருளுக்கு, உள்ள பெயரை எறிந்துவிட்டு அயற்பெயரை ஏற்றுகின்றோம். துண்டு என்ன, 'டவல்' வருமுன் இல்லாததா? புடைவை 'சாரி'யானமை எவ்வாறு? பாவாடையும் கைக்குட்டையும் எந்தக் கப்பலில் வந்திறங்கின? இல்லாதவன் வாங்குவது கடன். இருப்பவன் வாரி இறைத்துவிட்டு இரப்பது மடமை. இல்லாதவற்றிற்கும் கடன் வேண்டா, ஆக்கம் வேண்டும் என்பதே மெய்ப்பை காட்டும் நெறி.

இற்றைநாளில், "பொருள் அயலாருடையது, எனவே பெயரும் அயலாருடையது" என்னும் சாக்கும் செல்லாது. உலகின் பன்னாட்டு மக்கள் உடுக்கும் பின்னலாடை திருப்பூரில் உருவாகின்றது. கரூரின் வீட்டுத்துணிகள் கடல்கடந்து செல்கின்றன. ஈரோட்டுச் சந்தையிற் பிறமாநில வணிகர் வந்து துணி கொள்கின்றனர். பாவும் ஊடையும் தமிழன் கை; சாயம் தமிழன் கை; தையல் தமிழன் கை. முடிவில் ஒட்டும் சீட்டில் மட்டும் அயற்பெயர்! இங்கு நெய்து இங்கேயே விற்கும் துணியும் ஆங்கிலப் பெயர் சூட்டினால்தான் விலைபோகும் என்று கடைக்காரர் எண்ணுவாரேல், அவ்வெண்ணத்தை அவர்க்கு ஊட்டியவர் நாமே. பெயரைக் கண்டு மிகுபணம் கொடுத்தவர் நாமல்லரோ?

திருப்பூரே நமக்கு நம்பிக்கையும் தருகின்றது. 'நிட்வேர்' என்னும் சொல்லுக்குப் பின்னலாடை என்பது அங்கே தொழிலாளி வாயிலும் முதலாளி வாயிலும் செய்தித்தாளிலும் இயல்பாக வழங்குகின்றது. 'யூனிபார்ம்' என்பதற்குச் சீருடை என்பது அரசாணையிலும் பள்ளி அறிவிப்பிலும் நிலைபெற்றுவிட்டது. காலுறை, கையுறை, உள்ளாடை என்பனவும் அவ்வாறே. இச்சொற்கள் முதலில் எழுந்தபோது இவற்றையும் நகைத்தவர் இருந்திருப்பர். நகைப்பு அடங்கிவிடும், வழங்கிய சொல் நின்றுவிடும்.

2014-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை மறவாதீர். வேட்டி உடுத்திச் சென்ற உயர் முறைமன்ற நடுவர் ஒருவர், சென்னையில் ஒரு மன்றத்தின் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். தமிழ்நாடு கொதித்தது. அவ்வாண்டே சட்டமன்றம், வேட்டியுடுத்தாரைப் பொதுவிடங்களிற் தடுத்தால் ஓராண்டுவரை சிறையும் 25,000 உருபா தண்டமும் எனச் சட்டம் இயற்றியது. பாராட்டத்தக்க செயல். வேட்டியைத் தடுத்தவனைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. துண்டு, புடைவை, பாவாடை என்னும் சொற்களைத் தம் வாயிலிலேயே நாள்தோறும் தடுத்து நிறுத்துபவன் எவன்? அவன் அயலான் அல்லன். அவனைத் தண்டிக்கச் சட்டமும் இல்லை. அவனவன் தானே திருந்துதல் ஒன்றே வழி.

திருந்த விரும்புவார்க்கு இன்றே வழங்கத்தக்க சொற்கள் சில:

சர்ட்டு – சட்டை
பேண்ட்டு – காற்சட்டை
டவுசர் – அரைக்காற்சட்டை
பனியன் – உட்சட்டை
கோட்டு – மெய்ப்பை
சுவெட்டர் – குளிர்ச்சட்டை
ரெயின்கோட்டு – மழைச்சட்டை
டை – கழுத்துப்பட்டை
பெல்ட்டு – இடைவார்
சாக்சு – காலுறை
கர்ச்சீப்பு – கைக்குட்டை
டவல் – துண்டு
சாரி – புடைவை
சுகர்ட்டு – பாவாடை
நைட்டி – இரவாடை
பாக்கெட்டு – சட்டைப்பை

இவற்றுட் பெரும்பாலன உங்கள் பாட்டியர் வழங்கியவை. ஒருசிலவே புதியன. இவற்றினும் சிறந்தன தோன்றின் எழுதி விடுப்பீர், வரவேற்போம்.

ஆசிரியப் பெருமக்களே! ஆடைப் பெயர்களைத் தமிழில் எழுதுக என்றால் மாணவர் எழுதுவனவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களாயிருத்தலை நீங்கள் நாளும் காண்கின்றீர்கள். சிவப்பு மையாற் கோடிட்டு விடுவதோடு அமையாதீர்; பக்கத்திலேயே தமிழ்ச்சொல்லை எழுதிக் காட்டுங்கள். தையல் தொழிலாளத் தோழர்களே! அளவுச் சீட்டில் சட்டை, காற்சட்டை என்றெழுதுங்கள். துணி கொடுக்க வருபவர் அதைப் படித்தே தீர்வர். கடை நடத்தும் வணிகரே! பெயர்ப்பலகையிலும் பற்றுச்சீட்டிலும் தமிழை இடுங்கள். தாய்மாரே! குழந்தைக்கு உடை மாட்டும்போது நீங்கள் சொல்லும் சொல்லே அதன் முதற்பாடம். அப்பாடத்தைத் திருத்தும் ஆற்றல் எப்பள்ளிக்கும் இல்லை.

ஆடையின்றி ஒருவன் தெருவில் நிற்க நாணுவான். தன் ஆடைக்குத் தன் மொழியிற் பெயரின்றி நிற்கவும் தமிழன் நாணும் நாள் வருதல் வேண்டும். அந்நாளை நாம் நாளை உடுக்கப்போகும் உடையிலிருந்தே தொடங்குவோம்!