மெருகு வேறு, மறைப்பு வேறு

 

பத்து ஆண்டுகள் உழைத்த தம் கறுப்பு நிறக் காரை விற்க எண்ணும் சகோதரர் ஒருவர் இப்பகுதிக்கு மடல் வரைந்துள்ளார். நிழலில் நிற்கும்போது கார் நன்றாகவே இருக்கிறதாம். வெயிலுக்கு வந்தவுடன் மேற்பரப்பு முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கீறல்கள் தென்படுகின்றனவாம். பட்டறைக்காரர், "கிளேஸ் தடவி, மேலே வாக்ஸ் போட்டுவிட்டால் ஒரு கோடுகூடத் தெரியாது, நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம்" என்று கூறியிருக்கிறார். அவ்வாறு செய்யலாமா என்பது சகோதரரின் வினா.

இவ்வினாவுக்குள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. அப்பூச்சுக் கீறலை உண்மையில் மறைக்குமா என்பது ஒன்று. மறைத்து விற்கலாமா என்பது மற்றொன்று. முதலாவது கைத்தொழில் பற்றியது; இரண்டாவது ஹலாலான சம்பாத்தியம் பற்றியது. இரண்டையும் முறையே காண்போம்.

கீறல் ஏன் வட்டமாகத் தெரிகிறது?

உங்கள் சமையலறையில் நாள்தோறும் தேய்த்துக் கழுவும் எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, எரியும் மின்விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல்கள் தெரியும். தட்டைச் சற்று நகர்த்தினால் வளையங்களும் பிம்பத்தோடு நகரும். உண்மையில் அக்கீறல்கள் வட்டமானவை அல்ல; எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடுபவை. விளக்கொளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டுமே பளிச்சிடுகின்றன. அவை ஒன்றுசேர்ந்து வட்டம்போல் தோற்றமளிக்கின்றன. கார் வண்ணத்தில் தெரியும் சுழல் கீறல்களும் இவ்வாறானவையே. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களில் இவை மிகுதியாகத் தென்படும். வெள்ளை, வெள்ளி நிறங்களில் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் நிறப் பூச்சுக்கு மேலே நிறமற்ற ஒரு காப்புப் பூச்சு இருக்கிறது. இதனைக் கிளியர் கோட் என்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தொழிற்சாலையில் பூசப்படும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 முதல் 50 மைக்ரான். அதாவது, தலைமுடி ஒன்றின் பருமனைவிடக் குறைவு. வெயிலின் கடுமையிலிருந்து உள்ளிருக்கும் நிறத்தைக் காப்பது இம்மெல்லிய படலமே. சுழல் கீறல்கள் இப்படலத்தின் மேல்தோலில் விழுந்தவை.

இவற்றை உண்டாக்குபவர்கள் பெரும்பாலும் நாமேதான். காலையில் எழுந்ததும் காரின் மீது படிந்த புழுதியை உலர்ந்த துணியால் தட்டித் துடைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்புழுதியில் உள்ள மணல் துகள், துணிக்கும் வண்ணத்துக்கும் இடையே அகப்பட்டு அரம்போல் அராவுகிறது. ஒரே வாளி நீரில் துணியை மீண்டும் மீண்டும் முக்கித் துடைப்பதும், கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி பயன்படுத்துவதும் இதே தீங்கையே செய்கின்றன. காரைத் துப்புரவாக வைக்கும் ஆவலே அதன் அழகைக் கெடுத்துவிடுகிறது.

கிளேஸ் செய்வது என்ன?

ஆற்றங்கரைக் கூழாங்கல் உலர்ந்திருக்கையில் வெளுத்துச் சொரசொரப்பாகக் காணப்படும். நீரில் நனைத்தால் நிறம் ஆழ்ந்து மின்னும். கல் மாறிவிடவில்லை, அதன் நுண்ணிய பள்ளங்களை நீர் நிரப்பியதால் ஒளி சிதறாமல் செல்கிறது. நீர் உலர்ந்ததும் பழைய கோலம் திரும்பிவிடும்.

கிளேஸ் என்பதும் இத்தகையதே. அதில் எண்ணெய்ப் பொருள்களும், களிமண் வகையைச் சார்ந்த மிக நுண்ணிய நிரப்பிகளும் கலந்திருக்கும். அவை கீறலின் பள்ளத்தில் இறங்கி அமர்ந்து, மேற்பரப்பைச் சமமாகக் காட்டுகின்றன. கீறல் அகன்றுவிடுவதில்லை, நிரம்பி நிற்கிறது. சில முறை ஷாம்பு போட்டுக் கழுவினால் நிரப்பி கரைந்து போகும். கீறல் மீண்டும் தலைகாட்டும்.

வாக்ஸ் என்பது காப்பு மெழுகு. அதில் பெயர்பெற்றது கார்னாபா மெழுகு. இது பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படிந்திருப்பது. மரத்தின் ஈரம் வெயிலில் ஆவியாகிவிடாதபடி அல்லாஹ் அவ்வோலைக்கு அணிவித்த போர்வை அது! மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மெருகூட்டவும் இத்தாவர மெழுகு பயன்படுகிறது. இது 82 முதல் 86 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகும். கிளேஸின் மேல் இதைப் பூசும்போது நிரப்பி சற்றுக் கூடுதல் நாள் நிலைக்கும். ஆயினும் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் நம் பகுதியில் சில வாரங்களுக்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது. செயற்கைப் பாலிமர் காப்புப் பூச்சுகள் சில மாதங்கள் நிற்கும். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸின் மேல் அவை சரிவரப் பற்றுவதில்லை.

இவ்விரண்டினின்றும் வேறானது பாலிஷ். ரப்பிங் காம்பவுண்டும் அதன் இனமே. அதிலுள்ள உராய்வுத் துகள்கள் கிளியர் கோட்டைச் சில மைக்ரான் அளவுக்குத் தேய்த்து, கீறலின் அடிமட்டம் வரை சமப்படுத்துகின்றன. இதுவே உண்மையான நீக்கம். ஆனால் தேய்த்துப் போனது திரும்ப வராது. ஆண்டுதோறும் தேய்ப்போமாயின் காப்புப் படலம் மெலிந்து, ஒருநாள் வெளுத்து உரியத் தொடங்கும். ஆதலின் எஞ்சியுள்ள படலம் மெல்லியதாக இருக்கும் பழைய வாகனத்துக்குத் தேய்ப்பதைவிடக் கிளேஸும் வாக்ஸும் இட்டு வைத்துக்கொள்வதே அறிவுடைமை. தம் காரைத் தாமே வைத்து ஓட்டுபவருக்கு இதில் எக்குறையும் இல்லை.

செய்யும் முறை

காரை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பின்னரே தொடங்குங்கள். முதலில் வெறும் நீரைப் பாய்ச்சிப் புழுதியை ஓடவிடுங்கள். இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர்; மற்றதில் துணியை அலசும் நீர். ஒவ்வொரு பகுதியைத் துடைத்ததும் துணியை அலசிய பிறகே மீண்டும் ஷாம்பு நீரில் முக்க வேண்டும். மேலிருந்து கீழாக வாருங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட இம்முறையில் நீரும் மிச்சமாகும். விரயத்தைத் திருமறை கண்டிப்பதை நாம் அறிவோம் அன்றோ?

பின்னர்த் தூய மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கிளேஸைச் சிறிதளவே எடுத்து, மென்மையான ஸ்பாஞ்சினால் இரண்டடிச் சதுரம் இரண்டடிச் சதுரமாகத் தடவுங்கள். எஞ்சியதை வேறொரு துணியால் மெல்லத் துடைத்து எடுங்கள். அதன் மேல் வாக்ஸை மிக மெல்லிய படலமாகப் பூசுங்கள். கனமாகப் பூசினால் பலன் கூடாது; துடைப்பதுதான் கடினமாகும். படலம் மங்கலாக உலர்ந்த பின் விரலால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் தெளிவாகப் பளிச்சிட்டால் துடைக்கும் தருணம் வந்துவிட்டது. நிறம் பூசப்படாத கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் வாக்ஸ் பட்டால் வெண்கறை படியும். அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் நகத்தை வைத்து இழுக்கும்போது நகம் தடுக்கி நிற்குமானால், அது சுழல் கீறல் அன்று, ஆழமான காயம். அதனைக் கிளேஸ் மறைக்காது.

மறைத்து விற்கலாமா?

இப்போது இரண்டாம் வினாவுக்கு வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது, அதனுள் தம் கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. வினவியபோது, மழையில் நனைந்துவிட்டதாக விற்பவர் கூறினார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழை பெய்தது அவ்வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றம்.

மற்றொரு கட்டளை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன் சில நாள்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, அதிகம் பால் தரும் பிராணிபோல் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அறியாமல் வாங்கியவர், கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்றும் விதித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது காணப்படுகிறது. கட்டிய மடி இரண்டொரு கறவையில் உண்மையைச் சொல்லிவிடும். கிளேஸ் பூசிய கார் இரண்டொரு கழுவலில் சொல்லிவிடும். காலம் மாறியிருக்கிறது, உபாயம் மாறவில்லை.

அப்படியாயின் விற்பதற்கு முன் காரைக் கழுவி மெருகிடுவதே கூடாதோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வாறன்று. விற்கும் பொருளைத் துப்புரவாகவும் அழகாகவும் வைப்பது வியாபாரத்தின் இயல்பு. வாங்குபவரும் அதனை எதிர்பார்த்தே வருகிறார். பாலிஷ் செய்து கீறலை நீக்கினால் அது மறைப்பன்று, செப்பம். கிளேஸ் இட்டால்கூட, "மேலே மெல்லிய கீறல்கள் உண்டு, தற்காலிகமாக நிரப்பியிருக்கிறேன், சில முறை கழுவினால் தெரியும்" என்று சொல்லிவிட்டால் அதில் வஞ்சகம் ஏது? பாவம் டப்பாவில் இல்லை, மௌனத்தில் இருக்கிறது.

சுழல் கீறல் சிறு குறைதானே, அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்கலாம். சிறு குறையாதலாலேயே சொல்வது எளிது; அதனால் குறையும் விலையும் பெரிதன்று. அன்றியும், பளபளப்பு என்பது கீறலை மட்டும் மறைப்பதில்லை. விபத்தில் நசுங்கிப் பட்டி வைத்துச் சரிசெய்த கதவையும், தேய்ந்து உரியும் நிலையிலுள்ள கிளியர் கோட்டையும் சிலநாள் மூடி வைக்க அது துணைபோகக் கூடும். சிறியதில் பழகிய நாவு பெரியதிலும் அடங்கிவிடும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். அவர்களுடைய கூட்டாளி, ஓர் ஆடையில் இருந்த குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டபோது, அவ்விற்பனைத் தொகை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாறு கூறும். மறதிக்கே அத்துணை அச்சம்!

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்பதும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்பதும் நபிமொழி. ஆகவே, கேள்வி கேட்ட சகோதரர் காரை நன்கு கழுவி, வெயிலில் நிறுத்தியே காட்டட்டும். விற்று முடித்தபின் எழும் பிணக்குகளின் மார்க்கச் சட்டத்தைத் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

வாங்குபவர் கவனத்துக்கு

பழைய காரை மாலை மங்கலிலோ, குழல் விளக்கின் கீழோ, மழையில் நனைந்த நிலையிலோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டப்பகலில், சூரியனின் பிம்பம் தகட்டில் விழும்படி சாய்வாகப் பாருங்கள். இல்லையேல் டார்ச் விளக்கைப் பயன்படுத்துங்கள். உரிமையாளர் இசைந்தால், நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை நீங்கி உண்மைத் தோற்றம் வெளிப்படும். இது எளிதில் தீப்பற்றும் நச்சுப்பொருள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கதவுக்குக் கதவு நிறம் வேறுபடுகிறதா, ரப்பர் விளிம்புகளில் பெயிண்ட் தெறித்திருக்கிறதா என்றும் காணுங்கள். எஃகுத் தகட்டில் சிறு காந்தம் ஓரிடத்தில் மட்டும் ஒட்ட மறுத்தால், அங்கே கனமாகப் பட்டி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இவ்வளவும் வேண்டியிருப்பது, சொல்லை நம்ப முடியாத சந்தையில்தான். "முஸ்லிம் வீட்டுக் கார், குறையைச் சொல்லித்தான் விற்பார்கள்" என்னும் நற்பெயர் நம் தெருவுக்குக் கிடைக்குமாயின், எந்த மெழுகும் தர முடியாத மெருகு அது. கொடுக்கல் வாங்கலில் உள்ளும் புறமும் ஒன்றாய் இருக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.