மலையில் படுக்க எவ்வளவு?



ஸ்கீ பணக்காரரின் விளையாட்டு என்று எங்கள் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. எண்பதுகளில் சுவிசுக்கு வந்து இறங்கிய அப்பா அம்மாமாருக்குப் பனி என்றால், விடியற்காலையில் உணவக வேலைக்குப் போகும்போது காலை வழுக்கி விழுத்துகிற சாமான். காசு கொடுத்து அதைத் தேடி மலைக்கு ஏறுவது அவர்களுக்கு இன்றும் விளங்காத காரியம். அவர்கள் சொல்வதில் பாதி நியாயமும் இருக்கிறது. பெரிய மலைகளில் ஒரு நாள் பாஸ் மட்டும் வளர்ந்தவருக்கு 80 பிராங்கைத் தாண்டுகிறது.

பள்ளிக்கூட ஸ்கீலாகர் வரைக்கும் இது எங்களைப் பெரிதாகச் சுடுவதில்லை. கட்டாய முகாம் என்றால் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே கேட்கலாம் என்று 2017 டிசம்பரில் லோசானில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையின் வயதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 16 பிராங் வரை என்று தொகையையும் குறிப்பிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் முடிந்து லேர செய்கிற 17 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வாலிபர் முகாமுக்கு ஆட்களைச் சேர்க்கும்போது, "எனக்கு ஸ்கீ அவ்வளவாகப் பிடிக்காது அண்ணா" என்ற பதில் வருவது அங்கேதான். சிலருக்கு அது உண்மை. சிலருக்கு அது வீட்டுக் கணக்கு. இரண்டையும் குரலை வைத்துப் பிரித்தறிய முடியாது. அதனால் செலவைக் குறைப்பதுதான் ஒரே வழி.

எதைக் குறைப்பது? லிப்ட் பாஸ் விலை எங்கள் கையில் இல்லை. ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்கு எடுத்தே ஆகவேண்டும். கோட்டும் காற்சட்டையும் புரொக்கியில் பார்க்கலாம். வளைந்து கொடுப்பது படுக்கையும் சாப்பாடும்தான். பெரும்பாலானோர் முதலில் மலையைத் தெரிவு செய்துவிட்டு, பிறகு அந்த மலையடியில் கட்டில் தேடுகிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கட்டில், பிறகு மலை.

பெயர்பெற்ற ஊரை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினாலே கட்டில் விலை இறங்கும். செர்மாட்டுக்குக் கார் போகாது, எல்லோரும் டேஷ் வரை வந்துதான் ரயில் ஏறவேண்டும். அந்த ரயில் பயணம் 12 நிமிடம். அப்படியிருக்க டேஷிலேயே தங்கினால் என்ன? இன்னும் கீழே விஸ்ப் இருக்கிறது. 2007இல் லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் திறந்த பிறகு பேர்ணிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் விஸ்ப் வந்துவிடலாம். ஆனால் அங்கிருந்து செர்மாட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இரண்டு நாள் என்றால் தாங்கும். ஒரு கிழமை முழுக்கத் தினமும் போய் வர ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்றால், மூன்றாம் நாள் யாரும் எழும்பமாட்டார்கள்.

என் எண்ணத்தில் கூர் இதைவிட நல்ல தெரிவு. சூர்வால்டனுக்கு அங்கிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் போகலாம், அறோசாவுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். 2014 முதல் லென்சர்ஹைடவும் அறோசாவும் ஒரு தொங்குவண்டியால் இணைந்திருப்பதால் எந்தப் பக்கத்தால் ஏறினாலும் ஒரே சறுக்குப் பகுதிதான். வேலை முடிந்து வெள்ளி இரவு வருகிறவர்களுக்கும் வசதி. 25 வயதுக்கு உட்பட்டோருக்கான இரவுப் பாஸ் இருந்தால் மாலை 7 மணிக்குப் பிறகு வேறு ரிக்கற் வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை ஸ்கீ போடுகிறவருக்கு செர்மாட் எதற்கு? அவருக்கு வேண்டியது ஒரு மெல்லிய சரிவும், மேலே இழுத்துப்போக ஒரு சின்ன லிப்டும், விழுந்தால் சிரிக்காத இரண்டு நண்பர்களும். ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற விறேனி ஷ்னைடர் கிளாருஸ் கன்டோனில் உள்ள எல்ம் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். எல்ம், சோரன்பெர்க், பெலால்ப் போன்ற இடங்களில் பாஸும் மலிவு, படுக்கையும் மலிவு. மறுநாள் வேலையில் சொன்னால் யாரும் வாயைப் பிளக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

மிக மலிவான கட்டில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சூரிச்சிலிருந்து ரயிலில் உன்டர்டெர்சனில் இறங்கினால், நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிளும்சர்பெர்க் ஏறும் தொங்குவண்டி. காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஆனால் ஒரு வாலிபர் கூட்டம் மலைக்குப் போவது சறுக்க மட்டும் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இரவில் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கதைப்பது பகல்பயணத்தில் கிடைக்காது.

அதற்குக் குறூப்பன்ஹவுஸ் போல ஒன்றுமில்லை. முழு வீட்டையும் ஒரு குழுவுக்கு வாடகைக்கு விடுவது. பேர்ணர் ஓபர்லான்ட், வாலிஸ், கிறவ்புண்டன் எங்கும் இப்படி வீடுகள் இருக்கின்றன. பல வீடுகள் திருச்சபைகளுக்கும், பாடி, செவி போன்ற இளையோர் அமைப்புகளுக்கும், கீழ்நாட்டு நகரசபைகளுக்கும் சொந்தம். அந்தக் காலத்தில் தங்கள் ஊர்ப் பிள்ளைகளை மலைக்காற்றுக்கு அனுப்பக் கட்டியவையும் உண்டு. நான்கு, ஆறு, எட்டுப் பேர் படுக்கிற அறைகள், பெரிய சமையலறை, நீள மேசை, ஈரச் சப்பாத்துக் காயவைக்க ஓர் அறை. மாஸன்லாகர் என்று போட்டிருந்தால் மெத்தைகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும். குறட்டை விடுகிறவரை எந்த மூலையில் போடுவது என்பதை முதல்நாளே தீர்மானியுங்கள்.

விலைப்பட்டியலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் "குறைந்தது இத்தனை பேர்" என்று ஒரு வரி இருக்கும். உதாரணத்துக்கு, ஆளுக்கு 25 பிராங், குறைந்தது 30 பேர் என்று வையுங்கள். நீங்கள் 22 பேர்தான் போனாலும் 30 பேருக்கான 750 பிராங்கைக் கட்டவேண்டும். அப்போது ஆளுக்கு 34 பிராங் வந்துவிடும். பக்கத்து நகரத்துச் சபையின் வாலிபர் எட்டுப் பேரைச் சேர்த்தால் மறுபடியும் 25. தனியாகப் போவதா, சேர்ந்து போவதா என்ற விவாதத்துக்கு இந்தக் கணக்கே போதும்.

அதற்கு மேல் வருகிறவை: ஊருக்குக் கட்டும் கூர்தாக்ஸ, ஆளுக்கும் இரவுக்கும் தனித்தனி. அது ஊருக்கு ஊர் மாறும், பிள்ளைகளுக்குக் குறைவு அல்லது இல்லை. பல ஊர்களில் அதற்குப் பதிலாக விருந்தினர் அட்டை தருவார்கள், உள்ளூர் பஸ் இலவசமாக இருக்கலாம். கேட்டு வாங்குங்கள். பிறகு கடைசித் துப்புரவு. வீட்டுக்காரர் ஆள் வைத்துச் செய்தால் சில நூறு பிராங் போகலாம். நீங்களே துடைத்துக் கூட்டிக் கொடுக்கலாமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். விறகு, மின்சாரம், குப்பைப் பை எல்லாம் வாடகையில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். பல வீடுகளில் படுக்கை விரிப்பும் பாத்திரம் துடைக்கும் துணியும் தரமாட்டார்கள். நித்திரைப் பையும் பத்துத் துணியும் கொண்டுபோனால் அந்தக் காசு மிச்சம்.

இன்னும் மலிவாக வேண்டும் என்றால் நிலத்துக்குக் கீழே போகலாம். பகடி இல்லை. குடிமக்கள் பாதுகாப்புக்காகக் கட்டிய பதுங்குகுழிகளைச் சில கிராமசபைகள் குழுக்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. மூன்றடுக்குக் கட்டில், தடித்த இரும்புக் கதவு, யன்னல் கிடையாது. விடிந்ததா என்று மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அறியவேண்டும். எங்கள் பெற்றோரில் சிலருக்குப் பங்கர் என்ற சொல்லே வேறு நினைவுகளைக் கொண்டுவரும். அவர்களையும் அழைத்துப் போகிற குடும்ப முகாம் என்றால் இதை விட்டுவிடுங்கள். இளையவர்கள் மட்டும், இரண்டு இரவு மட்டும் என்றால் யோசிக்கலாம்.

சமையல் பக்கம் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இருபது பேருக்குச் சமைக்கத் தெரிந்த ஒருவராவது எந்தச் சபையிலும் இருப்பார். அரிசி மூட்டை, பருப்பு, கோதுமை மா, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் எங்கள் கடையிலேயே வாங்கிக் கட்டுங்கள். மலைக்கிராமத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு சின்னக் கடை, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கக் கூடும். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு குறைவு. 1800 மீற்றரில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். அதனால் பருப்பு அவியப் பொறுமை வேண்டும். முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள், பிறசர் குக்கர் இருந்தால் கொண்டுபோங்கள். செத்தல் மிளகாய் தாளிக்க முன் புகை எச்சரிக்கை மணி எங்கே இருக்கிறது என்று பார்த்து யன்னலைத் திறவுங்கள். கிராமத்துத் தீயணைப்பாளர்கள் இரவு எட்டு மணிக்கு உங்கள் சம்பல் வாசத்துக்கு ஓடிவர வேண்டியதில்லை.

நான்கைந்து பேர்தான் என்றால் யூகெண்ட்ஹெர்பெர்க. 1909இல் றிச்சார்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் ஆசிரியர் பிள்ளைகளோடு நடைபயணம் போனபோது இடிமழையில் அகப்பட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். அந்த இரவில் பிறந்த எண்ணம்தான் இளையோர் விடுதி. சுவிசில் இவை 1924 முதல் இருக்கின்றன. இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் நடந்த, கோடீசுவரர்கள் வந்துபோகிற சென் மொரிட்சிலும் ஒன்று உண்டு. கிறின்டெல்வால்ட், டாவோஸ், சாஸ்பே, லாக்ஸ் என்று பெயர்பெற்ற ஊர்களிலும் உண்டு. காலைச் சாப்பாடும் படுக்கை விரிப்பும் விலைக்குள் அடக்கம். அங்கத்துவ அட்டை இல்லாதவரிடம் இரவுக்குச் சில பிராங் கூடுதலாக வாங்குவார்கள். எத்தனை இரவு தங்கப்போகிறீர்கள் என்று பெருக்கிப் பார்த்து, அட்டை எடுப்பது லாபமா என்று முடிவெடுங்கள்.

வீட்டில் வருமானம் குறைவு, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், றேக்கா என்ற பெயரை அம்மாவிடம் சொல்லுங்கள். 1939இல் தொடங்கிய இலாபநோக்கற்ற விடுமுறை அமைப்பு அது. அதன் அறக்கட்டளை, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குச் சிறு தொகைக்கு ஒரு வார விடுமுறை கொடுக்கிறது. பெப்ரவரி நெரிசலில் இதை எதிர்பார்ப்பது கடினம். கரிற்றாஸ் கொடுக்கும் குல்டூர்லெகி அட்டையும் பல இடங்களில் விலையைக் குறைக்கும். இவற்றுக்கு விண்ணப்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்மன் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். அதை நிரப்பிக் கொடுக்கும் வேலை உங்களுடையது.

எப்போது போவது? புதுவருடம் முடிந்து ஜனவரி நடுப்பகுதி வந்தால் சுவிஸ்காரரின் பணப்பையும் காலி, ஹொட்டேல்களும் காலி. அதற்கு அவர்கள் வைத்த பெயரே ஜனவரி ஓட்டை. அந்த ஓட்டைக்குள் நுழைகிறவருக்கு விலை நல்லதாக இருக்கும். பெப்ரவரியில் கன்டோனுக்குக் கன்டோன் பள்ளி விடுமுறை வாரம் மாறும், எல்லா வாரமும் ஒரே நெரிசல் இல்லை. மார்ச்சில் பகல் நீளம், குளிரும் குறைவு. முதல் முறை போகிறவருக்கு அதுதான் ஏற்ற காலம், உயரமான இடமாகப் பார்த்தால் பனியும் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் கிழமை நடுவில் லீவு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

விளம்பரங்களில் கவனம். பெப்ரவரி நடுவில், லிப்டுக்குப் பக்கத்தில், பாதி விலைக்கு ஒரு வீடு, இன்றைக்கே முழுப் பணத்தையும் வெளிநாட்டு வங்கிக்கு அனுப்புங்கள் என்று யாராவது எழுதினால் அது பெரும்பாலும் ஏமாற்று. படம் வேறு எங்கோ எடுத்ததாக இருக்கும். அந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, இந்த முகவரியில் இப்படி ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

கடைசியாகப் பணம் சேர்க்கும் முறை. முகாம் கட்டணத்தை நவம்பரிலிருந்து மாதம் மாதமாகக் கட்டலாம் என்று அறிவியுங்கள். முழுதாகக் கட்ட முடியாதவர் கூட்டத்தில் கை உயர்த்தவேண்டாம், பொருளாளர் அக்கா ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதும் என்று அறிவித்தலிலேயே எழுதுங்கள். அங்கீகாரம் பெற்ற தலைவர்கள் உங்களிடம் இருந்தால், யூகெண்ட் உன்ட் ஸ்போர்ட் 5 முதல் 20 வயது வரையானோரின் விளையாட்டு முகாம்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. நிபந்தனைகளை முகாமுக்கு முன்பே பார்க்கவேண்டும். வீடு தேடப் பொறுப்பெடுத்தவர்கள் இந்த மாதமே மூன்று வீடுகளுக்கு எழுதுங்கள். எழுதும்போது ஆட்தொகையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். உறுதியாக வருகிறவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.