ரெஃபர் சீட்டு கடலைத் தாண்டாது

அந்தமானில் நம் மாயாபந்தர் மருத்துவமனைக்கு எதற்குத் தனியாக ஒரு பேரிடர்த் திட்டம் என்று கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். தீவில் பல காலம் இருந்தவர், தீவை நேசிப்பவர். கட்டுரையில் கோபம் இல்லை, பதற்றம் இல்லை, சந்தேகமும் இல்லை. இந்த மூன்றாவது இல்லாததுதான் எனக்குக் கவலை.

அவருடைய முதல் வாதம், 2004 சுனாமியில் நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது. நிக்கோபார் அளவுக்கு நாம் அடிபடவில்லை என்பது உண்மைதான். ஏன் அடிபடவில்லை என்று மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்த டிசம்பர் 26 காலை 6.29க்குப் பூமி அசைந்தபோது வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலே எழும்பியது. பவளப்பாறைகள் கடலுக்கு வெளியே வந்து வெயிலில் வெளுத்தன. தெற்கே போர்ட் பிளேயர்ப் பக்கம் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே போனது. சிப்பிகாட்டின் வயல்களுக்குள் புகுந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. அதே அதிர்ச்சி ஒரு பக்கம் தூக்கியது, ஒரு பக்கம் அமிழ்த்தியது. நாம் தூக்கிய பக்கத்தில் இருந்தோம். இதில் நம் சாமர்த்தியம் எங்கே வந்தது? அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2002 செப்டம்பரில், டிக்லிபூர் குலுங்கி உயிர்ச்சேதம் ஆனதை அவர் மறந்துவிட்டார். 1941 ஜூனில் நடு அந்தமானை ஆட்டிய நிலநடுக்கத்தில் போர்ட் பிளேயரின் செல்லுலார் சிறையே சேதமானது. நாட்டின் ஐந்தாம் நிலநடுக்க மண்டலத்தில் வீடு கட்டிக்கொண்டு, போன தடவை தப்பித்தோம் என்பதை வாதமாக வைக்கிறார்.

இரண்டாவது வாதத்தில்தான் அவருக்கு முழு நம்பிக்கை. பெரிய கேஸ் எதுவானாலும் போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு ரெஃபர் செய்துவிடுவோம், எனவே திட்டம் போட வேண்டியது தலைநகரம்தான் என்கிறார். மாயாபந்தரின் டாக்டர் ஆர்.பி. மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று பொருள். சரி, அந்தச் சீட்டோடு நோயாளியை வண்டியில் ஏற்றுவோம். போர்ட் பிளேயருக்கு, இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். என்னும் அந்தமான் நெடுஞ்சாலையில் ரங்கத், கதம்தலா தாண்டி, ஹம்ஃப்ரி நீரிணையை இப்போது பாலத்தில் கடந்துவிடலாம். பாராடாங் முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியைப் படகில் ஏற்ற வேண்டும். அப்பால் ஜிர்கடாங் வரை ஜாரவா காப்புக்காடு. குறித்த நேரத்துக் கான்வாயில்தான் வண்டிகள் போகும். ஆம்புலன்ஸுக்கு வழி விடுவார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலம் அசைந்த அன்றைக்கு, புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிய அன்றைக்கு, அந்தப் படகை யார் ஓட்டுவார்கள்? மரம் விழுந்து கிடக்கும் காட்டுச் சாலையை யார், எத்தனை மணிக்கு வெட்டித் திறப்பார்கள்?

ஹெலிகாப்டர் இருக்கிறது என்பார். இருக்கிறது, நல்ல வானிலையில். மருத்துவமனைக்கு அது மிக அவசியமாகும் மணி நேரத்தில்தான் வானம் அதை அனுமதிக்காது. கப்பல் இருக்கிறது என்பார். கடல் சீறும்போது முதலில் ரத்தாவது கப்பல்தான் என்று மாயாபந்தர் ஜெட்டியில் மூட்டை முடிச்சோடு காத்திருந்த எந்தக் குடும்பமும் அவருக்குச் சொல்லும்.

வடக்கே திரும்பினாலும் இதே கதை. நடு அந்தமானையும் வடக்கு அந்தமானையும் இணைக்கும் செங்கப்பா பாலம் திறந்து சில ஆண்டுகளிலேயே 2004 அதிர்ச்சியில் அதன் நடுப்பகுதிகள் தாங்கிகளை விட்டு நகர்ந்தன. அப்படி ஒரு நாளில் டிக்லிபூர்க்காரர் மாயாபந்தருக்கு வர முடியாது, மாயாபந்தர்க்காரர் தெற்கே போக முடியாது. இன்னொன்றும் உண்டு: பெரிய பேரிடரில் தலைநகர மருத்துவமனை நமக்காகக் கட்டிலைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்காது. 2004இல் நிக்கோபார் தீவுகளிலிருந்து அடிபட்டவர்கள் அங்கேதான் வந்து குவிந்தார்கள். ஆக, ரெஃபர் என்பது சாதாரண நாளின் ஏற்பாடு. அதைப் பேரிடர் நாளுக்கும் நீட்டிவிட்டு அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

மூன்றாவதாக, கட்டடம் உறுதியாக இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, போதாதா என்கிறார். சென்னை மணப்பாக்கத்தில் அடையாற்றங்கரையில் இருக்கும் மியாட் மருத்துவமனையிலும் எல்லாம் இருந்தது. மாயாபந்தரில் கனவுகூடக் காண முடியாத அளவுக்கு இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜெனரேட்டர்கள் இருந்த இடத்துக்கே தண்ணீர் போனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 18 பேர் இறந்தார்கள். அவர்கள் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள் என்று நிர்வாகம் சொன்னது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு யாரைப் படுக்க வைப்பார்கள்? ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பது கணக்கெடுப்பு. எந்த உயரத்தில் இருக்கிறது, டீசல் எத்தனை நாளுக்கு வரும், டீசல் அறைச் சாவி நள்ளிரவில் யாரிடம் இருக்கும், கடைசியாக முழுச் சுமையில் எப்போது ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேட்பது திட்டம். டீசலே கப்பலில் வர வேண்டிய ஊரில் இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது!

சுவர் நின்றாலும் உள்ளே இருப்பது நிற்குமா என்பது தனிக் கேள்வி. சங்கிலி போடாத ஆக்சிஜன் சிலிண்டர், சுவரில் திருகாத மருந்து அலமாரி, கூரைமேல் கட்டாமல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி: கட்டடத்துக்குக் கீறல் விழாத அதிர்ச்சியிலும் இவை மருத்துவமனையை முடக்கிவிடும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் மருத்துவமனைப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுரையாளர் அதைப் புரட்டியதற்கு ஓர் அடையாளமும் இல்லை. சிலிண்டருக்குச் சங்கிலியும் அலமாரிக்கு நான்கு திருகாணியும் வாங்க டெல்லியின் ஒப்புதல் தேவையில்லை. இதைச் சொல்வது ஏனென்றால், திட்டத்துக்கு ஆகும் காசில் ஒரு மருத்துவரை நியமிக்கலாமே என்றும் கேட்டிருக்கிறார். மருத்துவர் வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும், இதில் எனக்கு அவரோடு சண்டையே இல்லை. ஆனால் திருகாணிக் காசில் எந்த மருத்துவர் தீவுக்கு வருவார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

நம் மக்கள் ஒற்றுமையானவர்கள், ஆபத்தென்றால் ஓடி வருவார்கள் என்று உருகியிருக்கிறார். வெபியின் கரேன்களும் வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் தமிழரும் ஓடி வருவார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 விடியலில் ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தபோதும் பக்கத்துக் குடிசைவாசிகள் ஓடித்தான் வந்தார்கள். சமையலறைப் புகைதான் என்று காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பியதாகச் செய்திகள் வந்தன. புகையில் மூச்சு முட்டி 90 பேர் அளவில் இறந்தார்கள். வருகிறவரை உள்ளே விடுவது யார், எந்தக் கதவைத் திறப்பது, நடக்க முடியாதவரைப் படுக்கை விரிப்போடு எப்படித் தூக்குவது என்பது முன்பே சொல்லித் தரப்பட்டிருந்தால்தான் அந்த ஓட்டம் உதவியாகும். 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத் தூக்கி வந்தார்கள். தீயின்போது லிஃப்டில் ஏறாதே என்பது ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பழக்கப்படுத்துவதற்குத்தான் ஒத்திகை.

முதியோரைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது பொறுமை போய்விட்டது. இங்கே முதியவர்கள் வீட்டில், பிள்ளைகளோடு இருக்கிறார்கள், முதியோர் இல்லத் திட்டமெல்லாம் மேல்நாட்டுக் கவலை என்கிறார். அமெரிக்காவில் 2017இல் இர்மா புயலுக்குப் பின் ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் ஹில்ஸ் முதியோர் பராமரிப்பகத்தில் குளிரூட்டி நின்று 12 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். பக்கத்திலேயே மின்சாரத்தோடு ஒரு மருத்துவமனை இருந்தது. ஒரே கூரையின் கீழ், பெயர்ப் பட்டியலோடு, செவிலியரோடு இருந்தவர்களுக்கே அந்தக் கதி. நம் படுக்கை முதியவர்கள் ஊர் ஊராக, தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறார்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் யார், நிறைமாதக்காரி யார், இன்சுலின் ஐஸ்பெட்டியில் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியலை ஆஷா பணியாளர்களையும் அங்கன்வாடிக்காரர்களையும் கொண்டு எடுத்து வைக்க வேண்டிய அவசியம் இங்கே கூடுதலே தவிரக் குறைவில்லை. பிள்ளைகளோடு இருக்கிறார்களாம். அந்தப் பிள்ளை கடலில் மீன் பிடிக்கப் போயிருக்கும் நாளில்?

கடைசியாக, ஒத்திகை நடத்தினால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்கிறார். ஆண்டில் ஒரு நாள், பட்டப்பகலில், சிவப்பு மஞ்சள் பச்சை அட்டை கட்டிய போலி நோயாளிகளைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு மாயாபந்தர் ஜனங்கள் கோழைகள் இல்லை. மறுமொழி எழுதுவதாக இருந்தால் அவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: ஞாயிற்றுக்கிழமை காலை 6.29, சாலை இல்லை, படகு இல்லை, தொலைபேசி இல்லை, வாசலில் நாற்பது பேர். பொறுப்பு யாருடையது?