கட்டிப்போடுவது கல்வியாகாது

அடம் பிடிக்கிற பிள்ளையை அடக்கப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? கையைப் பிடித்து நிறுத்தலாமா? பெஞ்சோடு சேர்த்துக் கட்டலாமா? அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தலாமா? அது காது கேளாத பிள்ளையாகவோ, ஆட்டிசம் உள்ள பிள்ளையாகவோ, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளையாகவோ இருந்தால் என்ன செய்வது? நமது நாட்டின் கல்விச் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் அடிபடுகிறவர்கள், கேட்க நாதியற்ற ஏழை வீட்டுப் பிள்ளைகளே.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 16-வது பிரிவு தடுக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்று எழுதியிருக்கிறது. கொடுமையிலிருந்து அவர்களைக் காப்பது சர்க்காரின் கடமை என்றும் எழுதியிருக்கிறது. இவை நல்ல சட்டங்கள். காக்கப்பட வேண்டிய உரிமைகள்.

ஆனால் தண்டிப்பது ஒன்று, அடக்கி வைப்பது வேறொன்று. கட்டிப்போட்டவரைக் கேட்டால், "நான் தண்டிக்கவில்லை, பிள்ளை சுவரில் தலையை முட்டிக்கொள்ளாமல் காப்பாற்றினேன்" என்பார். எது காப்பாற்றுவது, எது தண்டிப்பது, எத்தனை நிமிஷம், யார் அனுமதித்தது, பெற்றோருக்குச் சொன்னார்களா என்று கேட்பதற்குக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனி ஷரத்து கிடையாது.

அப்படி ஒரு ஷரத்தை எழுதத் தெரியாதவர்களா நமது சட்டசபைக்காரர்கள்? இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் பூட்டி வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். ஓடித் தப்ப அவர்களுக்குக் கால் இருந்தது. காலில் சங்கிலியும் இருந்தது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தில், சங்கிலியால் பூட்டுவது எந்த வடிவிலும் கூடாது என்று 95-வது பிரிவு தடை செய்தது. தனியே அடைக்கக் கூடாது என்கிறது 97-வது பிரிவு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு டாக்டரின் அனுமதியோடு, தேவைக்கு ஒரு நிமிஷமும் மேற்படாமல் பிடித்து வைக்கலாம். காரணத்தையும் நேரத்தையும் ஏட்டில் எழுத வேண்டும். நோயாளியின் சார்பாளருக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தண்டனையாகச் செய்யவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி யாரையும் கட்டக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு.

ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவருக்கு இவ்வளவு பாதுகாப்பு. பள்ளியில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் இல்லை? இதுவே நமது கேள்வி.

இந்தப் பிள்ளைகள் செய்வதைத் திமிர் என்று நினைப்பது பெரிய தவறு. தறிக்கூடத்துச் சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்று காது மந்தமான மில் தொழிலாளியை மேஸ்திரி கூப்பிட்டு, அவர் திரும்பாவிட்டால் அது கீழ்ப்படியாமையா? காது கேளாத பிள்ளையும் அப்படித்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளி மணிச் சத்தமே தாங்க முடியாத வேதனையாக இருக்கலாம். அதைச் சொல்ல வார்த்தை இல்லாதபோது கத்துகிறது, ஓடுகிறது. வலிப்பு வந்த பிள்ளையை அமுக்கிப் பிடிப்பது உதவியல்ல, காயத்துக்கே வழி. குப்புறத் தள்ளி முதுகில் அழுத்தினால் மூச்சே நின்றுபோகலாம். இதெல்லாம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் கயிற்றுக்கு வேலை இல்லை.

அந்த ஆள் எங்கே? ஆசிரியரை நாம் எதிரியாகப் பார்க்கவில்லை. பயிற்சி தராமல், துணை தராமல், நிறைந்த வகுப்பில் ஒருவரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சமாளி என்கிறது நிர்வாகம். தொடக்கப் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022-ல் மத்திய சர்க்கார் அறிவித்தது. ஆனாலும் பல மாநிலங்களில் சிறப்பாசிரியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகவே நடத்தப்பட்டு வந்திருக்கிறார்கள். ஆளைக் குறைத்துக் கயிற்றைக் கூட்டுவது எந்த நியாயம்?

பணக்கார நாடாக இருந்தால் போதும் என்பதும் இல்லை. அமெரிக்கக் கல்வி இலாகாவின் 2017-18 கணக்குப்படி, மாணவர்களில் குறைபாடு உள்ளவர்கள் 13 சதவீதம். பள்ளியில் அடக்கிப் பிடிக்கப்பட்டவர்களிலோ அவர்கள் 80 சதவீதம். இதைக் கட்டுப்படுத்தும் மசோதா 2009 முதல் பல தடவை அங்கே கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை. ஆனால் கணக்கு எடுத்ததால் அந்த அநியாயம் ஊருக்குத் தெரிந்தது.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிள்ளையைத் தூணில் கட்டிவிட்டுப் போகிற கொடுமையும் நம் கிராமங்களில் உண்டு. அவளைக் குறை சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது. அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் பள்ளிக்கூடம் வேண்டும். அங்கேயும் கட்டு என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஆகவே நாம் கோருவது இது:

1. மனநலச் சட்டத்தின் 97-வது பிரிவில் உள்ள பாதுகாப்புகளைப் பள்ளிகளுக்கும், விடுதிகளுக்கும், சிறப்புப் பள்ளிகளுக்கும் விதியாக்க வேண்டும். கட்டுவதையும் பூட்டுவதையும் அறவே தடை செய்ய வேண்டும்.

2. ஆபத்தைத் தடுக்கப் பிள்ளையைப் பிடிக்க நேர்ந்தால், அதை ஏட்டில் எழுதி அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். மாநில முழுமைக்குமான கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

3. மத்திய சர்க்கார் அறிவித்த விகிதப்படி சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக, முழுச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும். எல்லா ஆசிரியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலி உங்களுடையது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். சங்கத்துத் தோழர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். நமது பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர், சிறப்பாசிரியர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார், பிள்ளைக்கு ஆவேசம் வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இல்லாவிட்டாலும் கேளுங்கள். பக்கத்து வீட்டில் இருக்கிறது.