கடலடிச் சொத்தும் கணக்குப் புஸ்தகமும்

பாரத தேசத்தின் கடலடியிலுள்ள தாதுப் பொருள்கள் யாவும் யூனியனைச் சேர்ந்தவை என்றும், தேசத்தின் காரியங்களுக்காகவே அவை வைத்துக்கொள்ளப்பட வேண்டுமென்றும் நமது அரசியல் சட்டத்தின் 297வது ஷரத்து விதிக்கிறது. 2010ம் வருஷம் மே மாதம் 7ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டாரும் இதையே வற்புறுத்தினார்கள். கிருஷ்ணா-கோதாவரிக் கடல் வாயுவைப் பற்றி இரு சகோதரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட குடும்ப ஏற்பாடு, சர்க்காரின் கொள்கைக்கு அடங்கியதே என்பது தீர்ப்பின் ஸாரம். தீர்ப்பைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். ஆனால் பட்டா நம் பெயரில் இருந்தால் மட்டும் போதுமா? களத்துமேட்டில் நெல் அளக்கும்போது நிலத்துக்குடையவன் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

அந்த வாயுவின் சரித்திரத்தைச் சற்றுக் கவனிப்போம். 2000ம் வருஷத்தில் ரிலையன்ஸ் கம்பெனியும் கனடா தேசத்து நைகோ கம்பெனியும் சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2002ல் காக்கிநாடாவுக்கு அப்பால், ஆழ்கடலில் வாயு அகப்பட்டது. நாளொன்றுக்கு 4 கோடி கன மீட்டர் எடுக்க சுமார் 240 கோடி டாலர் செலவாகுமென்று முதலில் மதிப்பிட்டார்கள். 2006ல் திட்டமிட்ட உற்பத்தி 8 கோடியாக இரட்டித்தது. செலவோ சுமார் 880 கோடி டாலராக ஏறியது. கடலடிக் கிணறுகளிலிருந்து குழாய் வழியே காடிமொகா கரைக்கும், அங்கிருந்து குஜராத்திலுள்ள பரூச் வரைக்கும் வாயு செல்ல ஏற்பாடாயிற்று. 2009 ஏப்ரலில் உற்பத்தி துவங்கியது. இக்காரியத்தைச் சாதித்த எஞ்சினீயர்களின் திறமையை நாம் குறைத்துப் பேசோம்.

மறு வருஷம் 6 கோடியை எட்டிய உற்பத்தி, 2013ல் சுமார் 1½ கோடிக்கு இறங்கிற்று. அந்த முதல் வயல்கள் 2020 பிப்ரவரியில் அடியோடு ஓய்ந்தன. வாயுவை நம்பிக் கட்டிய மின்சார நிலையங்கள் தேசமெங்கும் சும்மா நின்றன. பூமியின் அமைப்பு எதிர்பாராதபடி மாறியது, கிணறுகளில் நீர் புகுந்தது என்றது கம்பெனி. வாக்களித்தபடி கிணறுகள் தோண்டாததே காரணம் என்று சொல்லி, சர்க்கார் செலவுத் தொகையில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். விவகாரம் மத்தியஸ்தத்துக்குப் போயிற்று.

இருவரில் யார் சொல்வது மெய் என்று நாம் இங்கு தீர்ப்புக் கூற வரவில்லை. நம்மை வருத்துவது வேறொன்று. சொத்தின் சொந்தக்காரருக்கு, தம் சொத்தில் எவ்வளவு இருக்கிறதென்று தாமாகவே அறிந்துகொள்ளச் சக்தியில்லை. குத்தகைதாரர் சொன்ன கணக்கே கணக்கு. ஒப்பந்தமும் விபரீதமானது: கம்பெனி முதலில் தன் செலவை எடுத்துக்கொள்ளும், போட்ட மூலதனம் பன்மடங்காகத் திரும்பிய பிறகே சர்க்காருக்குப் பெரும் பங்கு. செலவு பெருகப் பெருக ஜனங்களின் பங்கு தள்ளிப்போகும். 2011ல் தணிக்கை அதிகாரி, கம்பெனியிடம் கடல் பரப்பு முழுவதையும் விட்டுவைத்ததையும், சர்க்காரின் மேற்பார்வைக் குறைவையும் கண்டித்தார்.

ஆழ்கடல் வேலையில் நஷ்டபயம் அதிகம், முதல் போடுகிறவன் லாபம் தேடுவது நியாயந்தானே என்று சிலர் கேட்பார்கள். நியாயந்தான்; லாபத்தை நாம் மறுக்கவில்லை. இருட்டில் அளந்த லாபத்தைத்தான் மறுக்கிறோம். 2016ல் சர்க்கார் புது ஒப்பந்தங்களுக்கு, செலவைக் கழிக்காமல் வருமானத்திலேயே பங்கு பெறும் முறையைக் கொண்டுவந்தார்கள். நல்லதே. ஆயினும் பழைய ஒப்பந்தத்தின் கீழ் 2020 டிஸம்பரிலும், 2021லும், 2023லும் அதே பிரதேசத்தில் புது வயல்கள் திறக்கப்பட்டன. அங்கே பழைய கதை திரும்பலாகாது.

ஆகையால் நாம் கோருவன மூன்று. வயலின் இருப்பை, கம்பெனியின் சம்பளம் வாங்காத நிபுணர்கள் தனியே மதிப்பிட வேண்டும். செலவுக் கணக்கு வருஷந்தோறும் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டும். ஒப்பந்தங்கள் பொதுஜனங்கள் படிக்கும்படி தேச பாஷைகளில் வெளியாக வேண்டும். சட்டம் நம்மைச் சொந்தக்காரராக்கி வெகு காலமாயிற்று. கணக்குக் கேட்கும் துணிவையும், அதைப் படித்தறியும் கல்வியையும் எந்தச் சட்டமும் தராது. அவற்றை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.