கியூவில் நடுவே நுழையும் ஆசாமி - முணுமுணுப்பதோடு சரி!

ரேஷன் கடைக் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆனால் வாசலில் வரிசை ரெடி!

அந்த வரிசையில் மனிதர்கள் இல்லை. 4 பை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு பிளாஸ்டிக் டப்பா. கடைசியாக ஒரு செங்கல்.

சென்னையில் பல பேட்டைகளில் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. ஒவ்வொரு பொருளும் ஒரு ஆள். செங்கல் வைத்த அம்மா வீட்டில் சோறு வடித்துக்கொண்டு இருப்பார். அவர் வரும் வரை கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள். புதிதாக வருகிறவர் காலால் தள்ளப் பார்த்தால், "ஏம்பா, அது மாடி வீட்டு அக்கா கல்லு" என்று நாலு குரல் கிளம்பும்.

கடை திறந்ததும் கதை தலைகீழ். கல்லை எடுத்துவிட்டு அக்காவே நேரில் வந்து நிற்பார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு முன்னால் ஒரு ஆசாமி நிற்பார். எப்போது வந்தார், எப்படி வந்தார்? பார்த்தவர்களும் வாய் திறக்க மாட்டார்கள்.

கல்லுக்குக் கிடைத்த மரியாதை அக்காவுக்கு இல்லை!

கல்லிடம் போய், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று பல்லை இளிக்க முடியாது. கல்லுக்கு தாட்சண்யம் கிடையாது. மனிதனுக்கு உண்டு. நுழைகிற ஆசாமிக்கு மூலதனமே அந்த தாட்சண்யம்தான்.

"ஒண்ணே ஒண்ணு..."

இந்த ஆசாமிகள் ரவுடிகள் அல்ல. பார்த்தால் பரம சாதுவாக இருப்பார்கள். கையில் நாலாக மடித்த காகிதம், முகத்தில் கவலை. வரிசையில் நிற்பவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்பார்கள். கேட்பார்கள். பதில் வரும். அப்புறம் பாரம் வாங்கி, அங்கேயே பூர்த்தி செய்வார்கள். அதற்குப் பேனாவை, பின்னால் காத்து நிற்கிறவரிடமே கடன் கேட்பார்கள்! அவரும் கொடுப்பார்.

ஏன் கொடுக்கிறார்? காரணம் என்று எதையாவது சொல்லிவிட்டால் மனித மனம் அடங்கிப் போகிறது. 1978-ம் ஆண்டில் எல்லன் லாங்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணரும் அவருடைய குழுவினரும் இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஜெராக்ஸ் மெஷின் அருகே, காப்பி எடுக்கப் போகிறவரிடம் ஒருவர் போய், "5 பக்கம்தான், முன்னால் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். 100-க்கு 60 பேர் விட்டார்கள். "அவசரம்" என்று சேர்த்துச் சொன்னபோது 94 பேர் விட்டார்கள். "ஏன்னா, காப்பி எடுக்கணும்" என்று சொன்னபோது?

93 பேர் விட்டார்கள்!

ஜெராக்ஸ் மெஷினுக்கு வருகிறவன் காப்பி எடுக்காமல் தோசையா சுடப்போகிறான்? ஆனாலும் விட்டார்கள். 5 பக்கத்தை 20 பக்கமாக்கியதும் அந்த வெற்றுக் காரணம் எடுபடவில்லை. 24 பேர்தான் விட்டார்கள். காரணமே சொல்லாமல் கேட்டபோதும் அதே 24 பேர்தான். நம்ம ஊர் ஆசாமிக்கு இது படிக்காமலே தெரியும். அதனால்தான் "ஒண்ணே ஒண்ணு" என்கிறார். "பதினெட்டு வேலை இருக்கு" என்று எவராவது சொல்லி நுழைந்தது உண்டா?

தானப்பிரபு

இவரை விட மோசமானவர் ஒருவர் வரிசைக்குள்ளேயே இருக்கிறார். வெளியே தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும், "வா மாப்ளே" என்று தனக்கு முன்னால் இடம் கொடுக்கிறாரே, அந்த தானப்பிரபு! அவருக்கு நஷ்டம் ஒரே ஒரு இடம். அவருக்குப் பின்னால் நிற்கும் 30 பேருக்கும் அதே நஷ்டம். அவர்களிடம் யார் கேட்டது? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! தனக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லி இடம் கொடுத்தாலும் கணக்கு அதேதான். பின்னால் நிற்கிறவன் பாடுதான் திண்டாட்டம்.

கர்ப்பிணிகள், முதியவர்கள், நடக்க முடியாதவர்களை முன்னால் அனுப்புவது வேறு விஷயம். அதற்கு எந்த வரிசையும் மறுப்புச் சொல்வதில்லை. சில சமயம் அந்த இரக்கத்தில் ஒட்டிக்கொண்டு, "பாட்டி கூட வந்தேன்" என்று ஒரு வாலிபரும் நுழைவார். பாட்டிக்கே அவர் யார் என்று தெரியாது!

நியூயார்க்கில் என்ன வாழ்ந்தது?

"நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது சார், வெளிநாட்டிலே இப்படி நடக்குமா?" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தச் சமாசாரத்தைக் கேட்க வேண்டும்.

ஸ்டான்லி மில்கிராம் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய குழுவினரும் நியூயார்க் நகரில் ரெயில் டிக்கெட் கவுண்ட்டர் போன்ற இடங்களில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆள் விட்டு நுழைந்து பார்த்தார்கள். முடிவு 1986-ல் வெளிவந்தது. 3-வது ஆளுக்கும் 4-வது ஆளுக்கும் நடுவே, "இங்கே நிற்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நுழைவது. ஒருவர் நுழைந்தபோது ஏறக்குறைய பாதி வரிசைகளில்தான் எதிர்ப்புக் கிளம்பியது. மீதிப் பாதியில் எதிர்ப்பே இல்லை! இரண்டு பேராக நுழைந்தபோதுதான் பத்தில் ஒன்பது வரிசைகளில் எதிர்ப்பு வந்தது.

குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பின்னால் நின்றவர்கள். முன்னால் நின்றவர்களுக்கு என்ன வந்தது? ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. நுழைகிற இடத்துக்கு அடுத்தாற்போல் தங்கள் ஆள் ஒருவரை முன்கூட்டியே நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு நிற்கும்படி சொல்லிப் பார்த்தார்கள். அப்போது எதிர்ப்பு மிகவும் குறைந்துபோனது! "அவரே சும்மா இருக்கார், நமக்கு எதுக்கு?" என்று பின்னால் நின்றவர்களும் இருந்துவிட்டார்கள்.

அதாவது, ஆசாமிக்கு நேர் பின்னால் நிற்கிறவர் கையில்தான் மொத்த வரிசையின் தலைவிதியும் இருக்கிறது. அவரோ செல்போனைப் பார்ப்பார். கூரையைப் பார்ப்பார். ரொம்பக் கோபம் வந்தால் பக்கத்து ஆளிடம், "நாடு எங்கே உருப்படும்?" என்பார். நாட்டைத் திருத்தத் தயார். முன்னால் நிற்கும் முதுகைத் தட்டத் தயார் இல்லை!

அதையும் மீறி ஒருவர் தட்டிக் கேட்டால், ஊரே அவர்மேல் பாயும். "விடுங்க பெரியவரே, ஒரு ஆள்தானே? இதுக்குப் போய் பிரஷரை ஏத்திக்கிறீங்களே." நுழைந்தவர் நல்லவர் ஆகிவிடுவார், கேட்டவர் சண்டைக்காரர்.

ஒரு ஆள்தானா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆளுக்கு 3 நிமிடம் என்றால், 5 பேர் நுழைந்தால் 15 நிமிடம். பின்னால் 30 பேர் நின்றால் மொத்தம் 450 நிமிடம். அதாவது ஏழரை மணி நேரம். ஏறக்குறைய ஒரு சித்தாளின் ஒரு நாள் வேலை! யாரும் எடுத்ததாகவே தெரியாமல் அது போய்விடுகிறது. வரிசையின் கடைசியில் அந்தச் சித்தாளே நின்றுகொண்டிருந்தால், கூலியும் சேர்ந்து போகும்.

டோக்கன் மெஷின் வைத்த வங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இந்தத் தொல்லை ரொம்பவும் குறைவு. ரேஷன் கடைகளில் பொங்கல் பரிசுக்கு நாள், நேரம் போட்டு டோக்கன் கொடுத்த ஆண்டுகளிலும் அப்படித்தான். நம்பரும் செங்கல் மாதிரிதான், அதனிடம் பல்லை இளிக்க முடியாது. என்ன, பல இடங்களில் அந்த மெஷின்மேல் "ரிப்பேர்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்!

மெஷின் இல்லாத இடத்தில், கவுண்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் ஒருவர்தான் யாருடைய பகையும் இல்லாமல் இதைத் தடுக்கக்கூடியவர். "வரிசையில வாங்க" என்று அவர் நீட்டிய காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால், எப்பேர்ப்பட்ட ஆசாமியும் மறுபேச்சு இல்லாமல் பின்னால் போய் நிற்பார். அவர் தலை நிமிர்ந்து யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எந்தக் கை முதலில் நீளுகிறதோ, அதில் இருக்கும் காகிதத்தை வாங்கி, டமார் என்று முத்திரை குத்திவிட்டு, "அடுத்தது யாரு?" என்கிறார்.