பாட்டியின் வெள்ளைப் புடவை

புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வாசலில் நின்ற பாட்டியை நான் எடுத்த முதல் படம் இன்னும் இருக்கிறது. வெயில் பட்ட வெள்ளைப் புடவை சாம்பலாகத் தெரியும். கூரை நிழலில் இருந்த முகம் வெறும் கறுப்பு. லைட் மீட்டரின் முள் நடுவில்தான் நின்றது. அதை நம்பித்தான் அமுக்கினேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. எதிரே எது நின்றாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணும்படி அதைச் செய்திருக்கிறார்கள். 18 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் சாம்பல் என்பது படக்காரர்களின் கணக்கு. மீட்டரை அளவுவைக்கும் மாறிலி (இது விழுக்காடு அல்ல) கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்: நிக்கான், கேனனுக்கு 12.5, பெண்டாக்ஸுக்கு 14. வெள்ளைப் புடவையைச் சாம்பலாக்கிய அதே மீட்டர், புக்கிட் மெலாவாத்தி குன்றின் கரிய லுத்தோங் குரங்கையும் சாம்பலாக்கும். அதன் மடியிலுள்ள ஆரஞ்சுக் குட்டி வெளிறிப்போகும்.

டயலில் 100, 400 என்று ஆசா எண்ணை வைத்தால் மீட்டருக்குத் தெரிவது பிலிமின் வேகம் மட்டும்தான். உள்ளே இருப்பது நெகட்டிவா, ஸ்லைடா என்று அதற்குத் தெரியாது. நெகட்டிவில் நிழல் பதியாமல் போனால் பிரிண்ட் போடுகிறவர் என்ன செய்தும் வராது. வெளிச்சம் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூடினால் குடி முழுகாது. அதனால் 400 பிலிமுக்கு 200 என்று வைப்பவர்கள் உண்டு. ஸ்லைடில் தலைகீழ். அரை ஸ்டாப் கூடினாலே புடவையின் மடிப்பு காணாமல் போகும். அங்கே 100ஐ 125 என்று வைப்பார்கள்.

பழைய கேமராக்கள் சிலவற்றில் இன்னொரு தொல்லை. அவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கென்று அளவுவைத்தவை. இன்று கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால், கூடுதல் மின்சாரத்தையும் மீட்டர் வெயில் என்று எண்ணிக்கொள்ளும்.

தஞ்சோங் காராங்கில் கல்யாணப் படம் எடுத்த அண்ணன் ஒருவர்தான் பிற்பாடு வழி சொன்னார். "தம்பி, புடவையை அளக்காதே. உன் உள்ளங்கையை அவங்க முகத்துக்கிட்ட, அதே நிழல்ல பிடிச்சு அள. அப்புறம் ஒரு ஸ்டாப் திற." முகம் எந்த நிறமானாலும் உள்ளங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறாதாம். "பாட்டி கையை மட்டும் பிடிக்காதே. மரம் வெட்டின கை, பால் காய்ஞ்சு கறுத்திருக்கும், மீட்டர் ஏமாந்துடும்."

அப்போது பாட்டி இல்லை. வீட்டுக்கு வந்து நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். புடவை இருந்த இடத்தில் கொஞ்சம் கறுப்பு. முகம் இருந்த இடத்தில், பிலிம் வழியே தெருதான் தெரிந்தது.